ஃபைப்ராய்டு கட்டியை அகற்றிய பிறகு குழந்தை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பப்பையை அப்படியே விட்டுவைத்து, அதில் வளர்ந்திருக்கும் ஃபைப்ராய்டு எனும் புற்றுநோயல்லாத தசைக்கட்டிகளை மட்டும் எடுக்கும் அறுவை சிகிச்சைக்கு மயோமெக்டமி என்று பெயர். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்கள் இந்த ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் பொதுவானவை. உங்கள் ஸ்கேனைக் கையில் வைத்துப் பார்த்த மருத்துவர் வேறு மாதிரி சொன்னால், ஏன் என்று கேளுங்கள். காரணம் சரியாக இருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

கட்டியை எடுத்தாச்சு. இனி குழந்தை உண்டாகுமா?

உண்டாகலாம், பலருக்கு உண்டாகியும் இருக்கிறது. வேறு குறை எதுவும் தெரியாமல், கட்டி மட்டுமே காரணமாகத் தோன்றி ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த பல ஆய்வுகளில், ஏறக்குறைய பாதிப் பேர் அடுத்த ஓரிரு வருடங்களில் கருத்தரித்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கணக்கை அப்படியே உங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். 28 வயதில் ஒரே ஒரு கட்டியை எடுத்தவரும், 41 வயதில் பத்துப் பதினைந்து கட்டிகளை எடுத்தவரும் அந்தக் கணக்கில் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். உங்கள் வயது, கட்டி இருந்த இடம், கருக்குழாய்களின் நிலை, கணவரின் விந்தணு பரிசோதனை முடிவு ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் உங்களுக்கான பதில் கிடைக்கும்.

கட்டி எவ்வளவு பெரியது என்பதுதானே முக்கியம்?

எல்லோரும் முதலில் கேட்பது அளவைத்தான். குழந்தைப்பேறைப் பொறுத்தவரை, கட்டி எங்கே இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் நெல்லிக்காய் அளவுக் கட்டி, கரு ஒட்டி வளர்வதைக் கெடுக்கும். வெளிப்பக்கமாக வளர்ந்த ஆரஞ்சுப்பழ அளவுக் கட்டி கருத்தரிப்புக்கு எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கலாம்.

மகப்பேறு மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிகோ, 2011-ல் கட்டிகளுக்கு 0 முதல் 8 வரை எண் கொடுத்தது. 0, 1, 2 எல்லாம் உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருப்பவை. சப்மியூகோசல் என்று எழுதுவார்கள். இவற்றை எடுத்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது. 5, 6, 7 வெளிப்பக்கமாக வளர்பவை, அதாவது சப்சீரோசல். இவை கருத்தரிப்பைத் தடுப்பதாகத் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவே 3, 4 என்று தசைச்சுவருக்குள்ளேயே இருப்பவை இன்ட்ராமியூரல். இவை வாய்ப்பைக் கொஞ்சம் குறைக்கின்றன என்பது தெரியும். எடுத்தால் அந்த வாய்ப்பு திரும்பி வருமா என்பதில்தான் மருத்துவர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது.

உங்கள் ஸ்கேன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். "பின்சுவரில் 5.2 x 4.8 செ.மீ. இன்ட்ராமியூரல் ஃபைப்ராய்டு, எண்டோமெட்ரியத்தை அழுத்துகிறது" என்பது போல ஒரு வரி இருக்கும். கண் நேராக 5.2-க்குத்தான் போகும். நீங்கள் படிக்க வேண்டியது கடைசி இரண்டு சொற்களை. எண்டோமெட்ரியம் என்பது கரு ஒட்டி வளரும் உட்படலம். அதை அழுத்துகிறதா, தள்ளுகிறதா, தொடாமல் இருக்கிறதா என்று அறிக்கையில் எழுதவில்லை என்றால் மருத்துவரிடம் கேளுங்கள். தெளிவு இல்லாவிட்டால் உப்புநீர் செலுத்திப் பார்க்கும் ஸ்கேனோ, சின்னக் கேமராவை விட்டு உள்ளறையைப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பியோ, கட்டிகள் நிறைய இருந்தால் எம்.ஆர்.ஐ.யோ சொல்வார்கள்.

கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கட்டி தெரிந்தது. இப்போதே எடுத்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். ஃபைப்ராய்டு மிகச் சாதாரணமாக வருவது. அமெரிக்காவில் செய்த ஒரு பெரிய ஆய்வில், 50 வயதை நெருங்கும்போது வெள்ளைப் பெண்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கு மேலும் கட்டி இருந்தது. அவர்களில் பலர் அது இருப்பதே தெரியாமல் பிள்ளை பெற்றவர்கள். அதிக உதிரப்போக்கும் வலியும் இல்லாமல், உள்ளறையும் நேராக இருந்தால், முதலில் இயற்கையாக முயற்சி செய்து பாருங்கள். தேவையில்லாத ஆபரேஷன் கர்ப்பப்பையில் தேவையில்லாத தழும்பைத்தான் தரும்.

ஆபரேஷன் தேதி குறித்துவிட்டார்கள். அதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் கணவரின் விந்தணு பரிசோதனை. இதை அழுத்திச் சொல்கிறேன். கட்டி என்று ஒன்று ஸ்கேனில் தெரிந்துவிட்டால், குழந்தையில்லாத பழி முழுவதும் அந்தப் பெண்மேல் இறங்கிவிடுகிறது. அவள் வயிற்றைக் கிழித்து, தையல் ஆறி, ஒரு வருடம் முயற்சி செய்து பார்த்த பிறகு கணவரைப் பரிசோதித்தால், எண்ணிக்கை மிகக் குறைவு என்று வருகிறது. செலவு குறைவான, ஊசிகூடத் தேவைப்படாத ஒரு பரிசோதனையை முதலிலேயே செய்திருக்கலாம். "அவர் வரமாட்டார்" என்றால் மருத்துவரிடமே சொல்லுங்கள், அவர் பேசினால் பெரும்பாலும் வருவார்கள்.

அடுத்து ஹீமோகுளோபின். மாதாமாதம் கட்டி கட்டியாக உதிரம் போகிறவர்களுக்கு அது 7, 8 என்று இறங்கியிருக்கும். மயோமெக்டமியில் ரத்த இழப்பு கணிசமாக இருக்கலாம் என்பதால் இரும்புச்சத்து மாத்திரையோ, நரம்பு வழி இரும்பு ஊசியோ போட்டு ஏற்றிக்கொண்டு போவது நல்லது. சிலருக்கு லூப்ரோலைடு ஊசியை மூன்று மாதம்வரை போட்டு மாதவிடாயை நிறுத்தி, கட்டியைச் சுருக்கி, ரத்தத்தையும் ஏற்றுவார்கள்.

35 வயதைத் தாண்டியவர்கள், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். முட்டை இருப்பு குறைவாக இருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே கருமுட்டை எடுத்துக் கருவாக்கி உறைய வைப்பது பற்றிப் பேசலாம். ஆபரேஷனுக்குப் பின் காத்திருக்கும் மாதங்கள் 30 வயதில் பெரிதாகத் தெரியாது; 39 வயதில் தெரியும்.

வயிற்றைத் திறந்து செய்வதா, லேப்ராஸ்கோப்பியா? எது நல்லது?

கட்டி இருக்கும் இடம்தான் இதையும் முடிவு செய்கிறது. உள்ளறைக்குள் இருப்பதை, வயிற்றில் வெட்டே இல்லாமல், பிறப்புறுப்பு வழியாக ஹிஸ்டரோஸ்கோப் விட்டு எடுத்துவிடலாம். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடலாம். தசைச்சுவருக்குள் ஒன்றிரண்டு கட்டிகள் என்றால், வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி பொருந்தும். மிகப் பெரியவை, ஏராளமானவை என்றால் வயிற்றைத் திறப்பதே பாதுகாப்பு. திறந்து செய்தால் கர்ப்பப்பையைக் கையால் தடவிப் பார்த்துச் சிறு கட்டிகளையும் கண்டுபிடிக்கலாம். ஒப்பிட்டுப் பார்த்ததில், பின்னால் கருத்தரிக்கும் வாய்ப்பு திறந்த முறைக்கும் லேப்ராஸ்கோப்பிக்கும் பெரிதாக வேறுபடவில்லை. தழும்பு சின்னதா என்பதைவிட, உள்ளே தையல் எப்படிப் போட்டார்கள் என்பதுதான் உங்கள் பிள்ளைக்கு முக்கியம். ஆழமான குழியை ஒற்றை அடுக்கில் இழுத்துத் தைக்காமல், அடுக்கடுக்காகத் தைக்க வேண்டும். லேப்ராஸ்கோப்பியில் அதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். "டாக்டர், எத்தனை அடுக்காகத் தைப்பீர்கள்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

லேப்ராஸ்கோப்பியில் கட்டியைத் துண்டாக்கி வெளியே எடுக்கும் கருவி பற்றி 2014-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. மிக அரிதாக அந்தக் கட்டிக்குள் புற்றுநோய் ஒளிந்திருந்தால் வயிற்றுக்குள் சிதறிவிடும் என்பதே காரணம். பைக்குள் வைத்துத் துண்டாக்குகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கையெழுத்து வாங்கும் தாளில் "தேவைப்பட்டால் கர்ப்பப்பையை அகற்றவும் சம்மதம்" என்று இருக்கிறது. பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. ஆபரேஷன் நடக்கும்போது ரத்தம் எந்த வழியிலும் நிற்கவில்லை என்றால், உயிரைக் காப்பாற்ற அது ஒன்றுதான் வழி. அதற்காகத்தான் அந்த வரி. அனுபவமுள்ளவர்கள் கையில் அந்த நிலை அரிது. வாசோபிரசின் ஊசி, ரத்தக் குழாயை இறுக்கிக் கட்டும் முறை, டிரானெக்சாமிக் அமிலம் என்று ரத்தத்தைக் கட்டுப்படுத்த இன்று பல வழிகள் இருக்கின்றன. கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: ரத்தம் ஏற்பாடு செய்தாயிற்றா, நீங்கள் இதுவரை செய்தவற்றில் இப்படி எத்தனை முறை நடந்திருக்கிறது, எனக்குக் குழந்தை வேண்டும் என்பது என் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறதா.

கர்ப்பப்பையைக் காப்பாற்றும் இந்த ஆபரேஷனுக்காகப் போராடியவர்களில் ஒருவர் லண்டனைச் சேர்ந்த விக்டர் பானி. 1872-ல் பிறந்தவர். ஃபைப்ராய்டுக்காக அவர் மனைவியின் கர்ப்பப்பையையே அகற்ற நேர்ந்தது. அந்தத் தம்பதிக்குக் குழந்தை இல்லை. இளம்பெண்ணின் கர்ப்பப்பையைச் சாதாரணக் கட்டிக்காக எடுப்பதை அவர் கடுமையாக எதிர்த்தார், நூற்றுக்கணக்கான மயோமெக்டமிகளைத் தாமே செய்து காட்டினார். ரத்தக் குழாய்களை அழுத்திப் பிடிக்க அவர் வடிவமைத்த கவ்வி இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது.

"எதற்கு வம்பு, யூட்ரஸையே எடுத்துவிடலாம்" என்கிறார்கள். எனக்கு 33 வயது, குழந்தை இல்லை.

இன்னொரு மருத்துவரிடம் போங்கள். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் 33 வயதுப் பெண்ணுக்கு, சாதாரண ஃபைப்ராய்டுக்குக் கர்ப்பப்பை அகற்றம் முதல் யோசனையாக இருக்கவே கூடாது. தேவையில்லாத கர்ப்பப்பை அகற்றங்களைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. இரண்டாவது கருத்து கேட்டால் முதல் மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று தயங்காதீர்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

மருந்திலேயே கரைக்க முடியாதா? கழற்சிக்காய் சாப்பிடச் சொல்கிறார்கள்.

கழற்சிக்காய்ப் பொடியோ வேறு எந்த மூலிகையோ ஃபைப்ராய்டைக் கரைத்துக் குழந்தைக்கு வழி செய்யும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. நம்பிக்கையோடு சாப்பிடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அதில் போகும் மாதங்கள்தான் கவலை. லூப்ரோலைடு போன்ற ஊசிகள் கட்டியைச் சுருக்கும், ஆனால் நிறுத்தினால் மறுபடி வளரும்; போட்டுக்கொண்டிருக்கும் காலத்தில் கருத்தரிக்கவும் முடியாது. ஒரு காலத்தில் பெரிதாகப் பேசப்பட்ட யூலிபிரிஸ்டல் மாத்திரை, கல்லீரலைக் கடுமையாகப் பாதித்த நிகழ்வுகளுக்குப் பிறகு 2020-ல் ஐரோப்பாவில் கடும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது.

ரத்தக் குழாயை அடைத்துக் கட்டியைச் சுருங்கச் செய்யும் எம்போலைசேஷனுக்குப் பிறகும் குழந்தை பெற்றவர்கள் உண்டு. ஆனாலும் கருச்சிதைவு அதிகம் என்பதால், குழந்தை வேண்டுபவர்களுக்கு மயோமெக்டமியைத்தான் முதலில் சொல்வார்கள்.

ஆபரேஷன் முடிந்து எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்?

தசைச்சுவரை வெட்டித் தைத்திருந்தால் வழக்கமாக 3 முதல் 6 மாதம். ஆழமாக வெட்டியிருந்தால், அல்லது வெட்டு உள்ளறை வரைக்கும் போயிருந்தால், 6 மாதத்தையே சொல்வார்கள். ஹிஸ்டரோஸ்கோப்பி என்றால் ஒன்று முதல் மூன்று மாதம் போதும். அதுவரை ஆணுறை பயன்படுத்துங்கள். "இத்தனை வருடம் தங்காதது இப்போதா தங்கப்போகிறது" என்று அலட்சியமாக இருந்து, இரண்டாவது மாதமே தங்கிவிட்டால் தவிப்பு உங்களுக்குத்தான். அப்படித் தங்கிவிட்டாலும் கலைக்க ஓட வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

தாம்பத்திய உறவுக்கு 4 முதல் 6 வாரம் கழியட்டும். வயிற்றைத் திறந்திருந்தால் அதே காலத்துக்குத் தண்ணீர்க் குடம், சிலிண்டர் தூக்குவதும் வேண்டாம். முதல் ஒன்றிரண்டு மாதவிடாய் முன்பின்னாக வரலாம்.

ஆறு மாதம் காத்திருந்து, அப்புறம் எட்டு மாதமாக முயற்சி செய்கிறோம். இன்னும் தங்கவில்லை. என்ன காரணமாக இருக்கும்?

ஒட்டல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நேரம் இது. வெட்டித் தைத்த இடத்தில் குடலோ, கருக்குழாயோ, சினைப்பையோ ஒட்டிக்கொள்ளலாம். பின்சுவரில் வெட்டு இருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம். கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று ஹெச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே சொல்லும். உள்ளறைக் கட்டிகளை எடுத்தவர்களுக்கு உள்ளறையின் சுவர்களே ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். எதிரெதிரே இருந்த இரண்டு கட்டிகளை ஒரே நேரத்தில் எடுத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு மாதவிடாய் மிகக் குறைந்துபோயிருந்தால் அது முக்கியமான அறிகுறி. சந்தோஷப்பட்டு விட்டுவிடாமல் சொல்லுங்கள். ஹிஸ்டரோஸ்கோப்பியில் அந்த ஒட்டலைப் பிரித்துவிட முடியும்.

காரணம் எதுவும் அகப்படவில்லை, வயது 35-க்கு மேல் என்றால், இன்னும் ஒரு வருடம் பார்ப்போம் என்று இருக்காமல் ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) பற்றிப் பேசத் தொடங்குங்கள்.

ஐ.வி.எஃப். செய்யப் போகிறோம். எப்படியும் கட்டியை எடுத்தே ஆக வேண்டுமா?

உள்ளறையைச் சிதைக்கிறது என்றால் எடுத்துவிட்டுச் செய்வதே நல்லது. இல்லையென்றால் கருவை வைக்கும் செலவும் எதிர்பார்ப்பும் வீணாகலாம். வெளிப்பக்கக் கட்டி என்றால் எடுக்கத் தேவையில்லை. சுவருக்குள் 4, 5 செ.மீ.க்கு மேல் இருப்பதில்தான் இரண்டு மையத்தில் கேட்டால் இரண்டு பதில் வரும். ஏற்கெனவே நல்ல கருவை வைத்தும் தங்கவில்லையா என்பதைப் பார்த்து முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

கட்டி திரும்ப வருமா?

வரலாம். எடுத்த கட்டி திரும்பி வராது. கண்ணுக்குத் தெரியாமல் இருந்தவை வளரும், புதிதாகவும் வரும். ஐந்து வருடம் கழித்து ஸ்கேனில் தேடிப் பார்த்தால் பாதிப் பேர்வரை ஏதோ ஒரு சிறு கட்டி தெரிகிறது என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. அவர்களில் மறுபடி ஆபரேஷன் தேவைப்படுபவர்கள் அதைவிடக் குறைவு. ஒரு கட்டி மட்டும் இருந்தவர்களுக்கு இது குறைவாகவும், பல கட்டிகள் இருந்தவர்களுக்கு அதிகமாகவும் நடக்கிறது. அதனால்தான் காத்திருக்கச் சொன்ன காலம் முடிந்ததும் தள்ளிப்போடாதீர்கள் என்கிறோம்.

கர்ப்பமாகிவிட்டேன். தையல் பிரிந்துவிடுமா?

வாழ்த்துகள். கர்ப்பப்பை கிழிவது நடக்கக்கூடியதுதான், ஆனால் அரிது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. நடந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்பதால்தான் இவ்வளவு பேசுகிறோம். திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி, உதிரப்போக்கு, மயக்கம், பிள்ளை அசைவது குறைவது, இதில் எது வந்தாலும் "வாயு வலியாக இருக்கும்" என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி ஒன்பது மாதமும் படுத்த படுக்கையாக இருக்க அவசியமில்லை. நஞ்சுக்கொடி பழைய தழும்பின்மேல் ஒட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் மருத்துவரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுகப்பிரசவம் ஆகுமா, சிசேரியன்தானா?

ஹிஸ்டரோஸ்கோப்பியில் எடுத்தவர்களும், வெளிப்பக்கம் காம்போடு தொங்கிய கட்டியை எடுத்தவர்களும் பொதுவாகச் சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம். சுவரை ஆழமாக வெட்டியவர்களுக்கும் உள்ளறை திறக்கப்பட்டவர்களுக்கும் வலி எடுக்கும் முன்பே சிசேரியன் செய்வார்கள். அப்படிச் சிசேரியன் தேவைப்படுபவர்களுக்கு 37 வாரம் முடிந்ததிலிருந்து 39 வாரம் நிறைவதற்குள் செய்யலாம் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பின் பரிந்துரை. நடுவில் இருப்பவர்களுக்கு முடிவு சொல்ல, முன்பு ஆபரேஷன் செய்தவர் எழுதிவைத்த குறிப்பு வேண்டும்.

அந்தக் குறிப்பில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் "மயோமெக்டமி செய்யப்பட்டது, நலமுடன் அனுப்பப்பட்டார்" என்று ஒரே வரி இருக்கும். அதை வைத்து எந்த மருத்துவராலும் எதுவும் சொல்ல முடியாது, பயந்து சிசேரியன் என்றுதான் முடிப்பார். வீட்டுக்குப் போகும் அன்றே ஆபரேஷன் நோட்ஸின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை கட்டி, எந்தச் சுவர், எவ்வளவு ஆழம், உள்ளறை திறக்கப்பட்டதா, எத்தனை அடுக்குத் தையல், இவை எல்லாம் அதில் இருக்கும். பயாப்சி முடிவையும் சேர்த்து வையுங்கள். போனில் படம் எடுத்துக் கணவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகிறேன். அங்கேயே பிரசவம் பார்க்கலாமா?

பார்க்கலாம், எந்த ஆஸ்பத்திரி என்பதை இப்போதே முடிவு செய்தால். இரவு 2 மணிக்கும் ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருத்துவர், ரத்தம், பச்சிளங்குழந்தைப் பிரிவு நான்கும் கிடைக்கும் இடமாக இருக்க வேண்டும். அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாந்திரப் பரிசோதனையைத் தொடருங்கள். பிரசவத்துக்கு மட்டும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வசதியுள்ள தனியார் மருத்துவமனையிலோ பதிந்துகொள்ளுங்கள். ஊருக்குப் போன வாரமே ஃபைலோடு ஒருமுறை அங்கே போய்க் காட்டிவிடுங்கள். ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத்துக்கு மேல் தூரம் என்றால், சிசேரியன் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே பக்கத்தில் உறவினர் வீட்டில் வந்து தங்குங்கள். தேதிக்கு முன்பே வலி கண்டால் 108-ஐ அழைத்து, முன்பு கர்ப்பப்பையில் கட்டி எடுத்த ஆபரேஷன் நடந்திருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.